கிருபைராசா கைவிட்ட சொல்

செய்தி வந்தபோது நான் என் துணிக்கடையில் ஒருவருக்குச் சாரம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். லுஹர் தொழுதுவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். கிருபாவின் மகன் அழைத்தான். "மாமா" என்றான், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. "என்ன மகன், வாப்பா எங்க?" என்று கேட்டேன். காத்தான்குடிக்காரன் வாயில் அப்பா என்பது வாப்பா என்றுதான் வரும். அந்தப் பிள்ளைக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். "அப்பா போயிட்டார் மாமா" என்றான். நான் "எங்க போனவர்?" என்று கேட்டேன். என்னத்தைச் சொல்ல, கேட்க விருப்பமில்லாத செய்தி வரும்போது மனுசனுக்குப் புத்தி அப்படித்தான் மந்தமாகிவிடுகிறது.

கல்லடியில் ஒரு வீட்டுக்கு மின்சார மீட்டர் பார்க்கப் போயிருக்கிறான். வாசல் கேற்றடியில் நின்று, நெஞ்சு நோகுது, கொஞ்சம் தண்ணி தாங்க என்று கேட்டிருக்கிறான். அந்த வீட்டுப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தபோது மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். அவ்வளவுதான். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இன்னா லில்லாஹி என்று என் வாய் சொல்லிற்று. அவன் என் மார்க்கத்தான் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் என் வாய்க்கு வேறு வார்த்தை தெரியவில்லை. சாரம் வாங்க வந்தவர் தானே அதை மடித்து வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்கு நானும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று அவன் மனைவி வசந்தி கேட்டார். எழுதுவது என் தொழில் இல்லை, துணி வெட்டுவதுதான் என் தொழில். இருந்தாலும் இதை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களில் பலருக்குக் கிருபைராசாவை மீட்டர் பார்க்க வருகிற மனிதராகத் தெரியும். நாய்க்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வளவுக்குள் வருகிறவர், பில் கூடிப்போனால் வீட்டுக்காரரோடு சேர்ந்து தானும் கவலைப்படுகிறவர். எனக்கு அவனைப் பந்தோடுதான் தெரியும். எங்கள் மாவட்டக் கூடைப்பந்து அணியில் அவன் பந்தைக் கொண்டு வருகிறவன், நான் கூடைக்குள் போடுகிறவன். என் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவன் கையிலிருந்து வந்தவை. மற்றப் பாதியும் அவன் மூலமாகத்தான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அந்த அணிக்குள் வந்தது சமாதானப் பேச்சு நடந்த காலத்தில். அதற்கு முன்பு தமிழர், முஸ்லிம்கள் என்று எங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். முதல் நாள் பயிற்சியில் எனக்கு ஒருவரும் பந்து தரவில்லை. பகையென்று சொல்ல மாட்டேன், என்னைக் கண்டதும் கை கொஞ்சம் தயங்கிற்று, அவ்வளவுதான். நான் ஆறடிக்கு மேல், கூடைக்குப் பக்கத்தில் தென்னை மாதிரி நிற்கிறேன், பந்து என்னைச் சுற்றிப் போகிறது. எனக்குக் கோபம் வந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போவோம் என்று திரும்பிய நேரம், பந்து வந்து என் வலது தோளுக்கு நேரே நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். கையை உயர்த்தினேன், பந்து கைக்குள் இருந்தது, போட்டேன், விழுந்தது. எறிந்தவன் மைதானத்தின் மறுகரையில் நின்று, "என்னகா உடுப்புக்கடை, அதுக்குள்ள எங்க வெளிக்கிட்டாய்?" என்று கேட்டான். நான் துணிக்கடைக்காரன் மகன் என்று அவனுக்கு யார் சொன்னதோ தெரியாது. அன்றிலிருந்து எனக்கு அந்த அணியில் பெயர் உடுப்புக்கடைதான்.

அவன் எறிகிற விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூடைப்பந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் கூடையைத்தான் பார்க்கிறார்கள். பந்து நெஞ்சுக்கு வந்தால் அதைப் பிடித்து, கையை மாற்றி, தோளுக்கு உயர்த்தி எறிய வேண்டும். அதற்குள் எதிரி வந்துவிடுவான். முழங்காலுக்கு வந்தால் அதோடு சரி. கிருபா ஒவ்வொருவனுக்கும் எந்த உயரத்தில் பந்து பிடித்தால் நேரே எறியலாம் என்று பார்த்து வைத்திருந்தான். எனக்கு வலது தோள். வாகரையிலிருந்து வந்து விளையாடிய ஜெகனுக்கு இடது இடுப்பு, அவன் இடக்கைக்காரன். "ஷூட் நல்லா விழுந்தா அவன்ட கை நல்ல கை எண்டு சொல்லுவானுகள். பந்து அந்தக் கைக்கு எப்பிடி வந்தது எண்டு ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்று அடிக்கடி சொல்வான். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான்.

இன்னொன்றும் சொல்வான். "முதல் பாஸ் எதிரிட காலத் திருப்பும். ரெண்டாவது பாஸ் அவன்ட தலையத் திருப்பும். மூண்டாவது பாஸில ரிங் திறந்து கிடக்கும், நீ போடவேண்டியதுதான்." நாங்கள் இளந்தாரிகள், முதல் பாஸ் கையில் விழுந்ததுமே எறியத் துடிப்போம். சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது, கை அரிக்கிறது, எறியாமல் இருக்க முடியுமா? அப்போது அவன் கத்துவான்: "மறுகா!"

மட்டக்களப்பாருக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. வெளியூரில் இருந்து இந்த மலரை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: மறுகா என்றால் பிறகு. கடன்காரனிடம் மறுகா தாறன் என்போம், விருந்துக்கு அழைத்தால் மறுகா வாறன் என்போம், பிள்ளை அடம்பிடித்தால் மறுகா பாப்பம் என்போம். கிருபா அதை மைதானத்துக்குள் கொண்டுவந்தான். மறுகா என்றால் இப்போது எறியாதே, இன்னும் ஒருவனுக்குக் கொடு என்று அர்த்தம். எறியப் போனவன் அந்தச் சத்தம் கேட்டுப் பந்தைப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தள்ளுவான், எதிரிகள் இரண்டு பேர் வீணாக மேலே குதித்துக் கீழே விழுவார்கள், பக்கத்தில் நிற்கிறவன் ஆறுதலாகப் போடுவான். நான் போட்ட மற்றப் பாதிப் புள்ளிகள் இப்படி வந்தவை. அவன் ஜெகனுக்குக் கொடுத்து, ஜெகனைப் பார்த்து மறுகா என்று கத்தி, ஜெகன் எனக்குக் கொடுத்தவை.

சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அணி வந்து எங்களோடு விளையாடியது. நல்ல அணி, நல்ல பொடியன்கள். பாதி நேரம் முடிந்ததும் அவர்களுடைய தலைவர் எங்களிடம் வந்து, "உங்கட அந்த மறுகா எத்தினையாம் நம்பர்?" என்று கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. "நீங்கள் எந்த நேரமும் கூப்பிடுறியளே, மறுகா மறுகா எண்டு, அவர்தான். அவரை மறிக்கச் சொல்லி ரெண்டு பேரை விட்டனான், ஆளைத்தான் கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு" என்றார். யா அல்லாஹ், நாங்கள் சிரித்த சிரிப்பு! ஜெகன் நிலத்தில் உருண்டான். கிருபா மட்டும் சிரிக்காமல், "அவர் இண்டைக்கு வரல்ல அண்ணன், காய்ச்சல்" என்றான். அந்த மனிதர் பாவம், காய்ச்சலென்றால் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். இரவுச் சாப்பாட்டில்தான் உண்மையைச் சொன்னோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சொல்லை எங்களைவிட நன்றாகச் சொல்கிறவள் ஒருத்தி இருந்தாள். கிருபாவின் மகள் தர்சினி. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு அவளைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு நாவலடியிலிருந்து பாலம் தாண்டி வருவான். வாவிக்கரையில் இருந்த எங்கள் மைதானத்தின் படிக்கட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு விளையாடுவான். நான் பந்தை உயர்த்தினால் போதும், "மறுகா மாமா!" என்று ஒரு கீச்சுக் குரல் வரும். தகப்பன் சொல்ல மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். எனக்கு அவளைப் பார்த்துத்தான் பெண் பிள்ளை வேண்டும் என்று ஆசை வந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்குப் பயிற்சி இருந்தது. அன்று கிருபா தனியாக வந்தான். "எங்க மருமகள்?" என்று கேட்டேன். "வீட்டில" என்றான். விளையாடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாவித் தண்ணீர் நிறம் மாறி மேலே வந்தது, கரையில் கட்டியிருந்த தோணிகள் ஒன்றோடொன்று மோதின. பாலத்துப் பக்கமிருந்து சனம் ஓடி வந்தது. கடல் ஊருக்குள்ள வந்துட்டு, கடல் வந்துட்டு என்று கத்தினார்கள். கிருபா கையில் இருந்த பந்தைக் குனிந்து நிலத்தில் வைத்தான். அதற்குப் பிறகுதான் ஓடினான். சைக்கிளை எடுக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. பாலம் தாண்டும் வரைக்கும் நானும் அவனோடு ஓடினேன், அங்கிருந்து நான் என் ஊர்ப்பக்கம், அவன் அவன் ஊர்ப்பக்கம்.

எங்கள் வீட்டுக்குப் பின்தெரு வரைக்கும் தண்ணீர் வந்து நின்றுவிட்டது. உம்மா பிழைத்தார், நாங்கள் பிழைத்தோம். நாவலடியில் நிற்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வசந்தியைத் தென்னையில் தொங்கிக் கிடந்த நிலையில் யாரோ இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், கை முறிந்திருந்தது. தர்சினி கிடைக்கவே இல்லை. கிருபா ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக, ஒவ்வொரு கரையாகப் போனான். நானும் கூடப் போனேன். பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தோம். அவளை மட்டும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றில் அவர்களை வைத்திருந்தார்கள். நான் கடையில் இருந்த சேலையும் சாரமும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போயிருந்த நாளில் அது நடந்தது. வசந்தியின் பெரியம்மா கிரானிலிருந்து வந்திருந்தார். தலையில் அடித்து அழுதுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையக் கூட்டிக்கொண்டு போறவன், அண்டைக்கு மட்டும் ஏன்டா விட்டுட்டுப் போனாய்?" வசந்தி மூலையில் படுத்திருந்தவர் எழும்பி உட்கார்ந்தார். கிருபா சட்டென்று, "நான்தான் பெரியம்மா. மறுகா கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிட்டுப் போனன்" என்றான். பெரியம்மா அவனை விட்டு வைக்கவில்லை. "பாழாப்போன வாய்! அந்த வாய் அண்டைக்கு அடைச்சுப் போயிருக்கக் கூடாதா?" என்றார். அந்த வகுப்பறை முழுக்கச் சனம். ஒருவரும் அவரை மறிக்கவில்லை. கிருபா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நானும் என் துணி மூட்டையும் வாசலில் நின்றோம்.

அந்தக் கதை பரவிவிட்டது. உங்களில் பலருக்கு அது தெரியும், தெரியாததுபோல் நடந்துகொண்டீர்கள். சிலர் அவன் முதுகுக்குப் பின்னால் கதைத்ததும் எனக்குத் தெரியும்.

மாதங்கள் கழித்து நாங்கள் மறுபடி மைதானத்துக்குப் போனோம். அணியில் இரண்டு பேர் இல்லை. விளையாட்டு ஒன்றுக்கும் உதவாது என்று தெரியும், ஆனால் வீட்டில் இருந்து என்ன செய்வது? கிருபா வந்தான். வந்தவன் பந்து கையில் கிடைத்ததும் எறிந்தான். மறுபடி கிடைத்தது, மறுபடியும் எறிந்தான். அவன் ஷூட் அடிக்கிறவன் இல்லை, பந்து போர்டின் மேல் விளிம்பில் பட்டு வாவிக்குள் போனது. நானும் ஜெகனும் கையை விரித்துக்கொண்டு நிற்கிறோம், எங்களைப் பார்க்கவே இல்லை. அந்தச் சொல்லும் அவன் வாயில் வரவில்லை. அடுத்த சுற்றுப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வந்தோம். "என்ன மச்சான், நாங்களெல்லாம் எதுக்கு உள்ளுக்க நிக்கிறம்? தனிய விளையாடப் போறியா?" என்று கேட்டேன். "பிறகு எண்டு வைக்கிறது எனக்கு ஒத்துவராது சலீம்" என்றான். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் அதற்கு மேல் என்ன கேட்க?

அவன் பிறகு என்று சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. நாள் போகப் போகத்தான் கவனித்தேன். கடையில், வீட்டில், தேத்தண்ணிக் கடையில், எங்கேயும் அவன் மறுகா என்று சொல்வதில்லை. பிறகு வாறன், பிறகு தாறன், பிறகு பாப்பம். மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவன் இப்படி யாழ்ப்பாணத்தார் மாதிரிக் கதைத்தால் விடுவார்களா? "என்னடா, யாழ்ப்பாணத்தில சம்பந்தம் பேசியிருக்கா?" என்று ஜெகன் பகிடி பண்ணுவான். கிருபா சிரித்துவிட்டு இருப்பான். மகளுக்குச் சொன்ன சொல், அதனால் விட்டுவிட்டான் என்று நான் விளங்கிக்கொண்டேன். சரியாகத்தான் விளங்கினேன் என்று இத்தனை வருடமும் இருந்தேன்.

பிறகு யுத்தம் திரும்பியது. வாகரையிலிருந்து சனம் நடந்தும் மிதந்தும் வந்தது, ஜெகனின் ஆட்கள் எல்லோரும் எங்கள் பக்கத்தில் தறப்பாள் கூடாரங்களுக்குள் இருந்தார்கள். மைதானத்திலும் தறப்பாள் கட்டினார்கள், கூடைக் கம்பத்தில் கயிறு கட்டிச் சேலை காயப் போட்டார்கள். கிருபா வேலைக்குப் போய் வருவான், சோதனைச்சாவடிகளில் மீட்டர் பார்க்கும் அட்டையைக் காட்டிக் காட்டி அதன் எழுத்தெல்லாம் அழிந்துபோயிற்று. அந்தக் காலத்தில்தான் மகன் பிறந்தான். குழந்தையைக் கையில் வாங்கினபோது கிருபா சிரிக்கவில்லை, மெல்ல மூச்சு விட்டான்.

வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன நாளன்று பின்னேரம் அவன் கடைக்கு வந்தான். "வா, பந்தடிப்பம்" என்றான். எங்கேயோ வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது, எங்கள் தெருவில் வேறொரு கதவும் திறந்திருக்கவில்லை. அவனுடைய தாயின் தமக்கை மகனொருவன் வன்னிப் பக்கம் இருந்தவன், அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று எனக்குத் தெரியும். மைதானத்தில் நாங்கள் இருவரும்தான். நான் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் பந்தை எறிந்தான், அது வலது தோளுக்கு வந்தது. கூடைக்குப் போட மனம் வரவில்லை, அவனுக்கே திருப்பி எறிந்தேன். அவன் எனக்கு எறிந்தான். இருட்டுகிற வரைக்கும் இப்படியே. ஒரு ஷூட் அடிக்கவில்லை. போகும்போது அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான், நானும் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் மறுபடி பந்து கொடுக்கத் தொடங்கினான். சத்தம் மட்டும் இல்லை. மறுகா என்பதற்குப் பதிலாகத் தொடையில் ஒரு தட்டுத் தட்டுவான். அந்தத் தட்டைக் கேட்க நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு விளையாடினோம். பாதை திறந்த பிறகு கொழும்பில் நடந்த பெரிய போட்டிக்குப் போனோம், அரையிறுதி வரைக்கும் வந்தோம். நாட்டின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் எங்களுக்கு எதிரே, எங்களில் பாதிப்பேர் முப்பது தாண்டியவர்கள். வசந்தி மகனை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிடத்தில் கிருபா பந்தோடு உள்ளே புகுந்தான், மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். அவன் ஜெகனுக்குத் தள்ளினான். ஜெகன் எறியத் தூக்கினான். தொடையில் தட்டுச் சத்தம். சனத்தின் கூச்சலுக்குள் அது எப்படிக் கேட்டதோ, ஜெகன் பந்தை இறக்கி எனக்குத் தந்தான். என் முன்னால் ஒருவரும் இல்லை. போட்டேன். வென்றோம். அடுத்த நாள் பத்திரிகையில் என் படம் வந்தது, கடையில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். இறுதியாட்டத்தில் நன்றாகத் தோற்றோம், அதற்குப் படம் வரவில்லை.

கடைசிச் சில வருடங்களாக உலகத்துப் பெரிய ஆட்டங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துவந்தோம். வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருக்கும் நேரம் அவன் வருவான், இரண்டு பேரும் கல்லாவுக்குப் பின்னால் இருந்து பார்ப்போம். கூடைக்குள் போட்டவனுக்கு ஒரு கணக்கு, அவனுக்குப் பந்து கொடுத்தவனுக்கு ஒரு கணக்கு என்று திரையில் காட்டுவார்கள். கிருபாவுக்குக் கோபம் ஏறிவிடும். "கடைசிப் பாஸ மட்டும் எண்ணுறானுகள் பாத்தியா? அதுக்கு முதல் குடுத்தவன்தானே ரெண்டு பேர இழுத்துக்கொண்டு போனவன். அவன்ட பேர் எங்க?" என்பான். "உன்ட பேர் வேணுமெண்டா நான் கடையில எழுதித் தொங்கவிடுறன்" என்பேன். "போடா உடுப்புக்கடை" என்பான். அவன் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமையும் இதே வழக்குத்தான்.

எட்டாம் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைகிற நேரம், வசந்தி என்னைக் கிணற்றடிப் பக்கம் கூப்பிட்டார். எங்கள் ஊரில் அண்ணன் என்றால் காக்கா, அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"காக்கா, மலரில எழுதப் போறீங்கதானே?"

"ஓம் தங்கச்சி."

"அப்ப இதையும் எழுதுங்க. அண்டைக்கு மறுகா எண்டு சொன்னது அவர் இல்ல. நான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பிள்ள வெளிக்கிட்டுச் சைக்கிள்ள ஏறிட்டாள். அவரும் மிதிக்கப் போறார். நான்தான் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு கத்தினன். இண்டைக்குப் பறுவம், பௌர்ணமி, கோயிலுக்குப் போகணும், முழுகாம எங்க போற, இறங்கு, மறுகா போகலாம் எண்டு. அவள் அழுதாள். 'விடு வசந்தி, கெதியாக் கொண்டுவந்து விடுறன்' எண்டு அவர் சொன்னார். நான் கேக்கல்ல காக்கா. நானே போய் இறக்கினன். இந்தக் கையால."

அவர் அந்தக் கையை நீட்டிக் காட்டினார், பிறகு தொடர்ந்தார்.

"பள்ளிக்கூடத்தில பெரியம்மா கேட்ட நேரம், நான் சொல்லத்தான் எழும்பினன். அவர் முந்திட்டார். பெரியம்மா அந்தப் பேச்செல்லாம் பேசுறா, நான் பாத்துக்கொண்டு இரிக்கிறன். அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் இதக் கதைக்கப் போனன். தேத்தண்ணி ஊத்து வசந்தி எண்டு எழும்பிப் போயிடுவார். ஒருக்கா மட்டும் சொன்னார். 'உனக்குத் தாங்க ஏலாத அளவுக்கு இரிக்கி. இத நான் வச்சிருக்கிறன்' எண்டு."

"அந்தச் சொல்ல அவர் விட்டது…" என்று நான் தொடங்கினேன்.

"எனக்காகத்தான். என்ட காதில அது விழக்கூடாது எண்டு. மைதானத்தில கத்திப் பழகினா வீட்டில தவறி வந்திரும் எண்டு அங்கயும் விட்டுட்டார். நீங்களெல்லாம் அவர் பந்து தாறார் இல்ல எண்டு ஏசினீங்கதானே. எனக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் இருந்தன்." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "எழுதுங்க காக்கா. என்ட பேரைப் போட்டு எழுதுங்க. செத்த பிறகும் அவர் அதைத் தூக்கிக்கொண்டு கிடக்கத் தேவல்ல" என்றார்.

நான் அந்தக் கிணற்றடியில் நின்று அழுதேன். வாப்பா மௌத்தாகிக் கண்மூடிய அன்றுகூட நான் அப்படி அழுததில்லை.

எழுதிவிட்டேன் தங்கச்சி. இதை வாசிக்கிற சொந்தக்காரருக்கும் அயலவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிருபாவுக்குச் சொன்னதையெல்லாம் இனி எடுத்து வசந்திக்குச் சொல்ல நினைக்காதீர்கள். பறுவ நாளில் பிள்ளையை முழுக வார்த்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக நினைத்தது குற்றமென்றால், அன்று காலையில் இந்தக் கரையில் இருந்த ஒவ்வொரு தாயும் குற்றவாளிதான். அப்படி யாராவது வாய் திறந்தால் முதலில் என் கடைக்கு வாருங்கள், என்னோடு கதைத்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

என்னிடம் அவனுடையது என்ன மிச்சம் என்று யோசித்தேன். போன கிழமை கடையில் வேலை செய்கிற பெண் ஒரு கல்யாணச் சட்டைத் துணியை அளவு பிழைத்து வெட்டிவிட்டாள். வந்தவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள், யார் வெட்டினது என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்குமுன் நான்தான் என்று சொன்னேன். என் வாழ்நாளில் இப்படி நான் செய்தது இதுதான் முதல் தரம். என் முகத்துக்கு நேரே, வயசு போன நேரத்தில் கண் தெரியாதவனெல்லாம் ஏன் கடை திறக்கிறான் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் ஒரு மூலையில் நின்று என்னையே பார்த்தாள். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வெறும் துணி அது. அவன் நான்தான் என்று சொன்னது பிள்ளையின் சாவுக்கு.